தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் ஒண்டில்லை

இலங்கையில ஏ.எல் வெட்டுப்புள்ளி வெளிவாற ஒவ்வொரு வருசமும் எங்கட சனத்துக்குள்ள ஒரு பழைய சண்டை திரும்பத் தொடங்கும். "யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத மெடிசின், அதைவிடக் குறைய எடுத்த முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது. இதுவும் தரப்படுத்தல்தானே?" எண்டு ஒராள் ஆரம்பிப்பார். "எழுபதுகளில தொடங்கின அநியாயம், இன்னும் முடியேல்லை" எண்டு இன்னொராள் ஒத்து ஊதுவார். பிறகு கேக்கவே வேண்டாம்.

என்ர கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரப்படுத்தல் வேறு, மாவட்டக் கோட்டா வேறு. முதலாவது நாட்டை உடைச்சது. இரண்டாவதில் ஆயிரம் ஓட்டை இருக்கு, ஆனாலும் தேவையானது. இரண்டையும் ஒரே சாக்கில போட்டுக் கட்டினால், நட்டம் வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும்தான்.

கதை தெரியாத தமிழ்நாட்டு நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1970 வரைக்கும் பல்கலைக்கழக அனுமதி புள்ளி அடிப்படையில்தான் நடந்தது. மிசனரிமாரும் சைவப் பெரியவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டின பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. வரண்ட பூமி, பெரிய தொழிற்சாலைகளும் அதிகம் இல்லை. படிச்சு அரசாங்க உத்தியோகம் எடுக்கிறதுதான் வழி. அதனால் விஞ்ஞானப் பீடங்களில் தமிழர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல இருந்தார்கள். சனத்தொகை விகிதத்தோட பார்த்தால் இது அதிகம்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

1970ல சிறிமாவோ அரசு வந்தது. தமிழ் மொழியில் விடைத்தாள் திருத்துகிறவை புள்ளியை அள்ளிக் குடுக்கினம் எண்டு ஒரு கதையும் பரவியது. 1971 அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி போட்டார்கள். மருத்துவத்துக்குத் தமிழில் எழுதின பிள்ளைக்கு 250 வேணும், சிங்களத்தில் எழுதின பிள்ளைக்கு 229 போதும். இதுதான் தரப்படுத்தல்.

இது பின்தங்கினவனைத் தூக்கிவிடுகிற திட்டமே இல்லை எண்டதைக் கவனியுங்கோ. கொழும்பில் பெயர்போன கல்லூரியில், நல்ல ஆய்வுகூடத்தோட படிச்ச சிங்களப் பிள்ளைக்கு 229. ஆய்வுகூடமே காணாத மன்னார்த் தமிழ்ப் பிள்ளைக்கு 250. இங்க அளந்தது வசதியீனத்தை இல்லை, மொழியை. "நீ யார்?" எண்டு கேட்டுப்போட்டு அதுக்கேற்றபடி வாசலை உயர்த்தினார்கள். இருபது வயசுப் பெடியனுக்கு இதைவிடத் தெளிவாக "இது உன்ர நாடில்லை" எண்டு சொல்லவேணுமா?

1970ல தமிழ் மாணவர் பேரவை தொடங்கினதும், 1974 யூனில சிவகுமாரன் உயிரை விட்டதும் இந்தக் காலத்தில்தான். இடையில் 1972 அரசியலமைப்பு வந்து, சோல்பரி யாப்பில சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவும் போய்விட்டது. முறையிடுகிற கதவையும் சாத்தினால் கோபம் எங்கே போகும்? தெருவுக்குத்தான்.

மாவட்டக் கோட்டா வந்தது 1974ல. மொழிவாரித் தரப்படுத்தலை எடுத்துப்போட்டு இதைக் கொண்டுவந்திருந்தால் கதை வேற. எடுக்காமல், அதுக்கு மேலால இதையும் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. 1975 ஆகும்போது விஞ்ஞானப் பீடங்களில் தமிழர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. எங்கட சனத்தின் ஞாபகத்தில் இரண்டும் ஒண்டாக ஒட்டிக்கொண்டதுக்கு இதுதான் காரணம் எண்டு நினைக்கிறேன். அந்தக் காயம் உண்மையானது. எங்கட வீட்டிலேயே பெரியப்பா ஒராள் சாகும்வரைக்கும் தன்ர நாலு பாடப் புள்ளியையும் ஒப்புவிச்சுக்கொண்டு இருந்தவர்.

ஆனால் கணக்கின் மற்றப் பக்கத்தை நாங்கள் கதைக்கிறதில்லை. அதே கோட்டாவால நட்டப்பட்டது யாழ்ப்பாணம் மட்டுமில்லை, கொழும்புச் சிங்களப் பிள்ளைகளும்தான். லாபப்பட்டது கண்டிப் பக்கச் சிங்களக் கிராமங்கள் மட்டுமில்லை, மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும்தான். "தமிழருக்கு அநியாயம்" எண்டு ஒரே வசனத்தில் சொல்லேக்க, மட்டக்களப்பிலிருந்து முதன்முதலாக டொக்டராக வந்த பிள்ளை தமிழ்ப்பிள்ளை இல்லையா?

இப்ப இருக்கிற முறையைப் பார்ப்போம். மொழிவாரிக் கணக்கு 1977 ஆட்சி மாற்றத்தோட கைவிடப்பட்டது. கோட்டா விகிதம் சில தரம் மாறி, இப்ப கலைப் பீடம் தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு இப்பிடி: 40 வீதம் முழு இலங்கைத் திறமைப் பட்டியல். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறுக்குள்ள ஆர் இருக்கினம் தெரியுமா? அம்பாந்தோட்டை, மொனராகலை, நுவரெலியாவோட சேர்த்து வடக்கு மாகாணத்து ஐந்து மாவட்டமும். ஓம், யாழ்ப்பாணமும்தான்! அரை நூற்றாண்டுக்கு முதல் "அளவுக்கு மிஞ்சி எடுக்கினம்" எண்டு வெட்டு வாங்கின அதே யாழ்ப்பாணம், இப்ப பின்தங்கின பட்டியலில். அந்த 5 வீதம் வேண்டாம் எண்டு எங்கட ஆக்கள் ஆரும் ஊர்வலம் போனதாக நான் அறியேல்லை.

என்னோட கம்பஸில் முல்லைத்தீவுப் பெடியன் ஒருத்தன் படிச்சவன். இசட் ஸ்கோர் எங்களைவிடக் குறைவு. முதல் வருசம் தடுமாறினான், மூன்றாம் வருசம் எங்களுக்கே பாடம் சொல்லித்தந்தான். அவன் ஏ.எல் படிச்ச பள்ளிக்கூடத்தில இரசாயனவியலுக்கு வாத்தியாரே இல்லை. நானோ ஒரு பாடத்துக்கு இரண்டு ரியூசன் போனனான். எங்கள் இருவரின்ர புள்ளியும் ஒரே திறமையைத்தான் அளந்தது எண்டு சொன்னால், அது கண்ணை மூடிக்கொண்டு சொல்லுற பொய்.

தமிழ்நாட்டு நண்பர்கள் ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். அப்போதைய சென்னை மாநிலத்தில் மருத்துவ இடங்களை மாவட்டச் சனத்தொகைப்படி பங்கிட்டதை, ராஜேந்திரன் வழக்கில் 1968ல இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. ஒரு மாவட்டத்தில் கெட்டிக்காரன் வெளியில நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைஞ்சவன் உள்ள போறான் எண்டதுதான் பிரச்சினை. நியாயமான கேள்வி. அதனால்தான் திறமைப் பட்டியலுக்கு ஒரு பெரிய பங்கு எப்பவும் இருக்கவேணும் எண்டு நானும் சொல்லுறன். ஆனால் பள்ளிக்கூடங்கள் சமனாக இல்லாத நாட்டில், புள்ளியை மட்டும் பார்த்தால் நாங்கள் அளக்கிறது பிள்ளையையா, பள்ளிக்கூடத்தையா?

சரி, ஓட்டைகளுக்கு வருவோம். மாவட்டம் எண்டது நிர்வாகத்துக்குக் கீறின கோடு, வறுமைக்குக் கீறினது இல்லை. 1974ல கிளிநொச்சி தனி மாவட்டமே இல்லை, யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள இருந்தது. பரந்தன் வயல்காரன்ர பிள்ளையும் யாழ் நகரத்து வக்கீலின்ர பிள்ளையும் ஒரே தட்டில். 1984ல கோடு மாறினது, அந்தப் பிள்ளையின்ர தலைவிதியும் மாறினது. இண்டைக்கு நுவரெலியாவைப் பாருங்கோ. மாவட்டம் பின்தங்கினதுதான். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்களில உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிறதே சொற்பம். கொழுந்து பறிக்கிற அம்மாவின்ர பிள்ளையின் பேரில் வாற இடத்தை, டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எடுக்குது. வெளி மாவட்டத்தில இருந்து பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்து, குறைஞ்ச வெட்டுப்புள்ளியில உள்ள அனுப்புற பெற்றோரும் இருக்கினம்.

இதுக்கு மருந்து கோட்டாவைத் தூக்கி எறியிறது இல்லை, அளவுகோலைச் சின்னனாக்கிறது. மாவட்டத்தை விட்டிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பாருங்கோ. விஞ்ஞான ஆசிரியர் இருக்கா, ஆய்வுகூடம் இருக்கா, எத்தனை வருசமாக அங்க இருந்து ஒருத்தரும் கம்பஸ் போகேல்லை... இதையெல்லாம் கணக்கெடுத்து எல்லாருக்கும் தெரியப் போடுங்கோ. ஐந்து வருசத்துக்கு ஒருக்கால் திருத்துங்கோ. கோட்டாவைக் குடுத்துப்போட்டு வாத்தியாரைக் குடுக்காமல் விடுறது, பசிச்சவனுக்கு வருசத்தில ஒருநாள் விருந்து வைக்கிற மாதிரி.

நாட்டின் ஒற்றுமைக்கு வந்தால், என்ர கணிப்பு இதுதான். விட்டுக்குடுக்கச் சனம் தயங்காது. தன்னைக் குறிவைச்சு வெட்டினதை மட்டும் மறக்காது. கொழும்புப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரே விதியின் கீழ மொனராகலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடம் விட்டால், அது ஒரு நாடு செய்யிற வேலை. மொழியைப் பார்த்து வாசலை உயர்த்தினால், அது நாட்டைப் பிரிக்கிற வேலை.

யாழ்ப்பாணத்து ஆக்கள் ஏசப்போறியள் எண்டு தெரியும். பின்னூட்டப் பெட்டி திறந்துதான் கிடக்கு. ஒரேயொரு நிபந்தனை: வன்னிப் பிள்ளைக்கு வேற என்ன வழி எண்டதையும் சேர்த்து எழுதிப்போட்டு ஏசுங்கோ.