“100% துல்லியம்”னு போர்டு வைக்கிறீங்களே, எதுல?

1/ “டிஜிட்டல் ஸ்கேன் இம்பிளாண்ட், 100% துல்லியம்.” பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலே இந்த போர்டுதான். நான் பல் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். ஆனா இதுல பாதி உண்மை, பாதி வியாபாரம்.

2/ சுகர் மாத்திரைக்கு வந்த அம்மா ஒருத்தங்க. மேல் வரிசை முழுக்க ஸ்க்ரூ வச்ச பல். நகையை அடகு வச்சு கட்டினது. ரெண்டு வருஷத்துல மூணு தடவை ஸ்க்ரூ லூஸ். “நீங்க மெல்றது சரியில்லை”ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. காரணம் என்னன்னு நான் சொல்ல முடியாது. ஆனா அளவு சரியான்னு யாருமே பார்க்கலை, பழி மட்டும் நோயாளி மேல!

3/ சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிய நார் இருக்கு. கடிச்சா பல் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். டைட்டானியம் இம்பிளாண்ட் எலும்போட நேரா ஒட்டிக்கும், அப்படி அசையாது. அதனால அளவு தப்பின பிரிட்ஜை இறுக்கி மாட்டினா, அந்த இழுவை முழுக்க அங்கேயே நிக்கும். ஸ்க்ரூ லூஸாகலாம், உடையலாம்.

4/ வாய்க்குள்ள விடுற ஸ்கேனர் ஒரே போட்டோ எடுக்கிறதில்லை. சின்னச் சின்னப் படமா எடுத்து ஒண்ணோட ஒண்ணு தைக்குது. ஒரு பல், ரெண்டு பல்லுன்னா அருமையா வேலை செய்யும். பல்லே இல்லாத முழு வரிசைன்னா? ஈறு வழவழன்னு இருக்கும், தையலுக்கு அடையாளம் கிடைக்காது, எச்சில் வேற. ஒவ்வொரு தையலிலும் விலகுற மைக்ரான்கள் சேர்ந்து, கடைசி இம்பிளாண்ட் இடம் மாறிப் பதிவாகலாம்.

5/ “அப்போ பழைய மாவுதான் பெஸ்ட்டா டாக்டர்?” அதுவும் தப்பும். முழு வரிசைக்கு, இம்பிளாண்ட்ல மாட்டுற அளவுப் பாகங்களை ரெசின் வச்சு ஒண்ணா இணைச்சு அளவு எடுக்கணும். இல்லைன்னா வாய்க்கு வெளியே இருந்து எடுக்கிற போட்டோகிராமெட்ரி இருக்கு. எதுல எடுத்தாலும் சரிபார்க்கணும், அதுதான் முக்கியம்.

6/ பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: “பிரிட்ஜ் மாட்டும்போது ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, மறு ஓரம் தூக்குதான்னு பார்ப்பீங்களா? எக்ஸ்ரே எடுப்பீங்களா? பொருந்தலைன்னா காசு வாங்காம திருப்பிச் செய்வீங்களா?”

7/ நல்ல பல் டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டா, செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்புங்க. மெஷின் வாங்கினது அவங்க பெருமை. பல் பொருந்துறது உங்க உரிமை.