வீட்டுக்குப் போகும் குழாய்

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டி நிமான்ஸ், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிலையம், இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை ஆகிய நான்கும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. தலையில் அடிபட்டு நினைவு திரும்பாதவர், கில்லன்–பாரே நோயில் தசை தளர்ந்து வாரக்கணக்கில் வெண்டிலேட்டரில் கிடந்தவர், குரல்வளையில் கட்டி வளர்ந்து மூச்சு அடைத்தவர், மூச்சுப்பாதை குறுகிப் பிறந்த குழந்தை என இப்படிப்பட்ட மருத்துவமனைகளின் வார்டுகளில் கழுத்துத் துளையோடு இருப்பவர்கள் பல வகை. அவர்களில் ஒரு பகுதியினர் டிரக்கியாஸ்டமி குழாயோடேயே வீட்டுக்கும் போகிறார்கள். அந்த வீடு கிருஷ்ணகிரியில் இருக்கலாம், கோலாரில் இருக்கலாம், அனந்தபூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலும் இருக்கலாம். குழாயைப் பொருத்துவது மருத்துவர். வார்டில் அதைக் காப்பது செவிலியர். வீட்டில் காப்பது மனைவியோ மகனோ தாயோ. வீட்டாருக்கு நாம் தரும் பயிற்சி, பெரும்பாலான வார்டுகளில் டிஸ்சார்ஜ் நாளன்று பில் கட்டும் அவசரத்துக்கு நடுவே சொல்லப்படும் அறிவுரையாகச் சுருங்கிவிட்டது. அதை மருந்து கொடுப்பதற்கு இணையான செவிலியச் செயல்முறையாக நடத்த வேண்டும். நேரம் குறித்துத் தொடங்கி, வீட்டாரின் கையாலேயே செய்ய வைத்துச் சோதித்து, கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை நோயாளியை அனுப்பக் கூடாது என்பதே இந்த உரையின் நிலைப்பாடு.

முதலில் மூக்கைப் பற்றி. நாம் இழுக்கும் காற்று மூக்கிலும் தொண்டையிலும் சூடாகி ஈரமாகி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டும்போது உடல் வெப்பநிலையில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு நிறைந்திருக்கிறது. கழுத்துத் துளை வழியே போகும் காற்றுக்கு இந்தப் பயணம் கிடையாது. உலர்ந்த காற்று நேரடியாக மூச்சுக்குழலில் படுகிறது, சளி கெட்டியாகிறது, அதை மேலே தள்ளும் நுண்ணிழைகள் சோர்கின்றன, குழாயின் உட்சுவரில் பொருக்கு கட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்தில் பிப்ரவரியும் மார்ச்சும் வறண்ட மாதங்கள். தெருவெங்கும் கட்டுமானத் தூசி வேறு. நிறுத்தாமல் ஈரப்பதம் கொடுக்கப்படும் வார்டிலிருந்து அந்தக் காற்றுக்குள் போகிறவரின் குழாய் சில நாட்களிலேயே அடைக்கத் தொடங்கினால் வியக்க எதுவும் இல்லை. ஆகவே குழாய்ப் பராமரிப்பில் முதலிடம் ஈரப்பதத்துக்கு. சக்‌ஷன் அதற்கு அடுத்தது.

ஆனால் வார்டில் வீட்டார் பார்ப்பது என்ன? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சக்‌ஷன் என்று சார்ட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கதீட்டரை நுழைப்பதற்கு முன் குழாய்க்குள் உப்புநீர் ஊற்றும் பழக்கமும் இருக்கிறது. அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2010இலும் பின்னர் 2022இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த இரண்டு பழக்கங்களுக்கும் எதிராகப் பேசுகின்றன. மூச்சொலி மாறுவது, சளி கண்ணுக்குத் தெரிவது போன்ற அறிகுறி இருந்தால் மட்டுமே சக்‌ஷன். ஒருமுறைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்குக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கும் கதீட்டர் வேண்டாம். வழக்கமாக உப்புநீர் ஊற்றவும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் சக்‌ஷன் மூச்சுக்குழலின் உட்படலத்தைப் புண்ணாக்கி, அந்தப் புண்ணாலேயே சளியையும் இரத்தக் கசிவையும் கூட்டுகிறது. வீட்டார் நம் வாய்ச்சொல்லைவிட நம் கையைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். உறிஞ்சுவதுதான் பராமரிப்பு என்று பத்து நாள் பார்த்துப் பழகிய மகன், வீட்டுக்குப் போனதும் கடன் வாங்கியாவது சக்‌ஷன் மெஷின் வாங்குவார். துளையின் மேல் ஈரமான காஸ் துணியைத் தொங்கவிடுவதையும், உப்புநீர் நெபுலைசரை வேளை தவறாமல் கொடுப்பதையும், உள்குழாயைக் கழுவுவதையும் சின்ன வேலை என்று விட்டுவிடுவார். வீட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் வார்டில் கற்றுக்கொண்ட தவறு.

அடைத்த குழாயும் நழுவிய குழாயும் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு வெளிநாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியும் சேர்ந்து நடத்திய நான்காவது தேசியத் தணிக்கை 2011இல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த பெரும் மூச்சுப்பாதை விபத்துகளில் ஏறத்தாழ பாதி டிரக்கியாஸ்டமி தொடர்பானவை என்றும், அவற்றில் பெரும்பாலானவை குழாய் இடம் நழுவியதால் நேர்ந்தவை என்றும் அந்த அறிக்கை காட்டியது. பயிற்சி பெற்ற செவிலியர், மானிட்டர், ஆக்சிஜன், கூப்பிட்டால் ஓடிவரும் மருத்துவர் எல்லாம் இருந்த இடத்தின் நிலை அது. இவை எதுவும் இல்லாத வீட்டில், விடியற்காலை மூன்று மணிக்குக் குழாய் அடைத்தால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது. 108 வண்டி வருவதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். அந்த நேரத்தில் அங்கிருக்கும் ஒரே மருத்துவப் பணியாளர், நாம் பயிற்சி கொடுத்து அனுப்பிய, அல்லது கொடுக்காமல் அனுப்பிய, அந்த வீட்டுக்காரர்.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்வது நியாயமாகாது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளைப் புரட்டினால், டிரக்கியாஸ்டமி பராமரிப்பு குறித்த திட்டமிட்ட கற்பித்தலின் பயனை அளக்கும் தலைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வடிவம் பெரும்பாலும் ஒன்றே: முன்னால் ஒரு வினாத்தாள், நடுவே ஒரு வகுப்பு, சில நாள் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் உயர்கிறது, கற்பித்தல் பயனுள்ளது என்று முடிவு எழுதப்படுகிறது. இந்த முடிவை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். உள்குழாயை எத்தனை முறை கழுவ வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடையில் டிக் போடுபவரின் விரல்கள், நீலம் பாரித்துத் திணறும் தந்தையின் கழுத்திலிருந்து அதே உள்குழாயைத் திருகி எடுக்குமா என்பதை வினாத்தாள் அளப்பதில்லை. கையை அளக்க வேண்டுமென்றால் கையால் செய்ய வைக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு மூன்று காட்சிகள் போதும். ஈரப்பதம் கொடுப்பதும் உள்குழாயைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதும் முதலாவது. கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, ஒருவர் குழாயைப் பிடித்திருக்க இன்னொருவர் நாடாவை மாற்றுவது இரண்டாவது. மூன்றாவதும் முக்கியமானதும் அடைப்பு ஒத்திகை. மூச்சு வரவில்லை என்று செவிலியர் சொன்னதும் வீட்டார் உள்குழாயை எடுக்கிறார், உதவிக்குக் குரல் கொடுக்கிறார், கதீட்டர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கிறார். துளை முதிர்ந்தவர்களுக்கு, மருத்துவரின் ஒப்புதலோடு, அடைத்த குழாயை எடுத்துவிட்டு உதிரிக் குழாயைப் போடுவதுவரை. ஒரு பொம்மையின் கழுத்தில் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். யாரும் சொல்லித் தராமல் இருமுறை தவறின்றிச் செய்தால் தேர்ச்சி.

எந்தக் குழாயோடு போகிறார் என்பதைப் பொறுத்து இந்த ஒத்திகை மாறும். நம் நாட்டில் விலை காரணமாக இரண்டு வகைகள் அதிகம்: உள்குழாய் இல்லாத ஒற்றை பி.வி.சி. குழாய், உள்குழாயுள்ள ஜாக்சன் வகை உலோகக் குழாய். முதலாவதில் அடைப்பு வந்தால் கழற்றி எடுக்க உள்ளே ஒன்றும் கிடையாது. ஈரப்பதம் இங்கே இருமடங்கு முக்கியம், முழுக் குழாயை மாற்றத் தெரிந்திருப்பதும் அப்படியே. இரண்டாவதை எளிதாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் பழைய உலோகக் குழாய்களில் ஆம்பு பேக்கைப் பொருத்தும் முனை கிடையாது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகும்போது உலோகத்தை மாற்றி பிளாஸ்டிக் குழாய் போடுவார்கள். அதுவரை உலோகக் குழாயைப் பழகிய மனைவிக்குப் புதிய குழாயைப் பற்றி யார் சொன்னார்கள்? குழாய் மாறினால் சோதனையும் புதிதாக நடக்க வேண்டும். குரல்வளை முழுவதையும் அகற்றியவரின் நிலை இன்னும் வேறு. அவருக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. முகத்தில் வைக்கும் ஆக்சிஜன் மாஸ்க் அவருக்குப் பயனற்றது. கழுத்துத் துளைதான் ஒரே வழி. பிரிட்டனின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் இதற்காகவே படுக்கைத் தலைமாட்டில் டிரக்கியாஸ்டமிக்குப் பச்சை அட்டை, குரல்வளை அகற்றியவருக்குச் சிவப்பு அட்டை என்று பிரித்து வைக்கச் சொல்கிறது. நம் வார்டுகளும் இதைப் பின்பற்றலாம். அந்த அட்டையின் நகல், ஆம்புலன்ஸ் ஊழியரின் கண்ணில் படும்படி நோயாளியின் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. இரவு ஷிஃப்டில் பொது வார்டுகளின் உண்மை நிலையை இந்த இதழைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும், தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி நான் கேட்கவில்லை. குழாய் போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு சக்‌ஷனும், ஒவ்வொரு நாடா மாற்றலும் எப்படியும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. அட்டெண்டரை வெளியே அனுப்பாமல் அருகில் நிறுத்தி, முதலில் பார்க்கச் சொல்லி, பிறகு பொருளை எடுத்துத் தரச் சொல்லி, பிறகு அவரையே செய்யச் சொன்னால், வேலை சில நிமிடம்தான் நீளும். இரண்டாம் வாரத்தில் அந்த வேலையின் ஒரு பகுதியை அவரே செய்துவிடுவார். குடும்பத்தாரைச் செவிலியர் வழியாகப் பயிற்றுவிக்கும் முறைக்கு இதே நகரத்தில் முன்மாதிரி இருக்கிறது. நாராயணா ஹெல்த் மருத்துவமனையில் இதய நோயாளிகளின் குடும்பத்தாருக்காக நூரா ஹெல்த் அமைப்பு தொடங்கிய கேர் கம்பேனியன் திட்டம், பின்னர் கர்நாடக அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. டிரக்கியாஸ்டமி அதைவிட நுணுக்கமானது, குழு வகுப்பு மட்டும் இதற்குப் போதாது என்பது உண்மைதான். ஆனால் நெரிசல் மிகுந்த அரசு வார்டில் குடும்பத்துக்குக் கற்பிக்கவே முடியாது என்ற வாதம் அதோடு பலமிழக்கிறது.

படிக்காத ஒருவரின் கையில் கதீட்டரைக் கொடுப்பது ஆபத்து என்போரும் உண்டு. இதைச் சொல்லும் அதே வார்டு, அவரிடமே நோயாளியை ஒப்படைத்து அனுப்புகிறது. ஆபத்து கதீட்டரில் இருந்தால் அதற்குப் பயிற்சிதான் மருந்து. பயிற்சியைத் தவிர்ப்பது அந்த ஆபத்தைக் கண்ணுக்கு மறைவான இடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவே. எழுத்தறிவு இதற்குத் தேவையில்லை. நல்ல கையும் பயமின்மையும் தேவை, இரண்டும் திரும்பத் திரும்பச் செய்வதால் வருகின்றன. வீட்டுச் செவிலிய நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பது இன்னொரு பதில். பெங்களூருக்குள், மாதக் கட்டணம் கட்டக்கூடியவருக்கு அது சரி. தருமபுரிக்குப் பேருந்தில் திரும்பும் தினக்கூலிக்கு அது பதிலாகாது. அனுப்பவில்லையென்றால் படுக்கை காலியாகாதே என்ற நிர்வாகத்தின் கேள்விக்கு, அடைத்த குழாயோடு அவசரப் பிரிவுக்குத் திரும்புகிறவர் பிடிக்கும் தீவிர சிகிச்சைப் படுக்கையையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

நாம் அதிகம் மறப்பது நோயாளியையே. தலைக்காயம் பட்டவருக்கு வேறொருவரின் கை வேண்டும். குரல்வளைப் புற்றுநோயாளியோ பெரும்பாலும் முழு நினைவோடு, இரண்டு நல்ல கைகளோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கண்ணாடியைக் கொடுத்தால் தன் உள்குழாயைத் தானே எடுத்துக் கழுவக் கற்றுக்கொள்வார். எந்நேரமும் குழாயின் அருகில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரிடம் பேசாமல் அவர் தலைக்கு மேலாக மகனிடம் பேசுவதற்குக் காரணம், அவரால் பதில் பேச முடியவில்லை என்பது மட்டுமே. பெங்களூரு வார்டில் இந்த இடைவெளி இன்னும் அகலம்: செவிலியர் கன்னடமோ மலையாளமோ பேசுபவர், நோயாளி தமிழோ தெலுங்கோ உருதுவோ மட்டும் அறிந்தவர். குரல் இருந்தவரை எப்படியோ சமாளித்த அவர், இப்போது சைகையையும் எழுத்தையும் நம்பியிருக்கிறார். எழுதத் தெரியாதவருக்குச் சைகை மட்டுமே. வலி, மூச்சுத் திணறல், தாகம், சக்‌ஷன் வேண்டும் என்பவற்றைப் படங்களாகக் காட்டும் ஓர் அட்டையைத் தயாரிக்க வார்டுக்கு ஒரு பிற்பகல் போதும். பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் வழிகளையும் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். பேச்சு வால்வு பொருத்துமுன் கஃபின் காற்றை முழுவதும் இறக்கியாக வேண்டும். இறக்காமல் பொருத்தினால் உள்ளே போன மூச்சு வெளியேற வழியிருக்காது. குரல்வளை அகற்றியவர்களுக்கான செயற்கைக் குரல் கருவி ஆயிரக்கணக்கில் விலை போன காலத்தில், பெங்களூரு புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவும் தொழில்முனைவர் சஷாங்க் மகேஷும் சேர்ந்து ஏறத்தாழ 50 ரூபாயில் ‘ஓம்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். இப்படி ஒன்று இருப்பதை நோயாளி செவிலியரிடமிருந்து அறிந்தால்தான், அடுத்த முறை மருத்துவரிடம் கேட்பார்.

இந்த இதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டின் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு பெட்டியைச் சேருங்கள்: மூன்று காட்சிகளையும் யார் செய்துகாட்டினார், எந்த நாளில், எந்தச் செவிலியர் முன்னிலையில், எந்த வகைக் குழாயில், நோயாளியின் பையில் அதே அளவிலும் ஓர் அளவு சிறியதிலும் உதிரிக் குழாய்கள் இருக்கின்றனவா. முப்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்து, குழாய் அடைத்ததா, நழுவியதா, மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டியிருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். ஆறு மாதக் கணக்கு சேர்ந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். பத்து நோயாளிகளின் கணக்கானாலும் வெளியிடுகிறோம். அடைப்பு ஒத்திகையில் தேறியவர்கள், அது நடக்காமலே அனுப்பப்பட்டவர்கள் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையையும் விடாமல் சேருங்கள்.