காரோடு வந்த புத்தகம்

புத்தகங்களைப் பற்றியே பேசிப் பழகிய நாங்கள் இம்முறையும் ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். எந்த விமர்சகரும் பொருட்படுத்தாத புத்தகம் அது. சில லட்சங்கள் கொடுத்துக் கார் வாங்கினால் இலவசமாக வரும். எங்கள் காரிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இரண்டு மாதம் டேஷ்போர்டு அறைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை ஒப்படைத்த அன்று விற்பனை நிலையத்து இளைஞர் கால்மணி நேரம் விளக்கம் சொன்னார். கைப்பேசியைத் திரையோடு இணைப்பது, பாட்டு வைப்பது, கூரைக் கண்ணாடியைத் திறப்பது ஆகியவற்றோடு அது முடிந்தது. பிரேக்கைப் பற்றி அவரும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. பிரேக்கில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றே நினைத்தோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஒரு மழை மாலையில் அப்பா ஓட்டி வந்தார். முப்பதாண்டுகள் அம்பாசிடர் ஓட்டியவர். எங்கள் இருவருக்கும் வண்டி கற்றுத் தந்தவரும் அவரே. முன்னால் சென்ற லாரி சட்டென்று நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டதென்று பதறிக் காலை எடுத்தார். மறுபடி விட்டுவிட்டு மிதித்தார். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது. வீட்டுக்கு வந்ததும் சாவியை மேசையில் வைத்து, "இனிமே நான் ஓட்டலைப்பா, வயசாயிடுச்சு" என்றார். அவர் குரல் அப்படித் தளர்ந்து நாங்கள் கேட்டதில்லை.

அன்றிரவுதான் புத்தகத்தைப் பிரித்தோம். அந்த அதிர்வு பழுதல்ல, ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம் என்று அதில் எழுதியிருந்தது. ஈரச் சாலையில் பிரேக்கை முழுவதுமாக அழுத்தினால் சக்கரம் சுழற்சி நின்று வழுக்கும். அதன் பின் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதனால்தான் அக்கால ஓட்டுநர்கள் விட்டுவிட்டு மிதிக்கப் பழகினார்கள். அதே வேலையை இன்று சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரிகளின் துணையோடு இயந்திரமே நொடிக்குப் பலமுறை செய்கிறது. ஓட்டுபவர் செய்ய வேண்டியது, காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு திசையைத் திருப்புவதுதான். அப்பாவின் வயது பிழை செய்யவில்லை. அவருடைய சரியான பழக்கம் இந்த வண்டிக்குத் தவறாகிவிட்டதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

1978இல் ஐரோப்பியக் கார்களுக்கு வந்த இந்த ஏற்பாடு, இந்தியாவில் 2019இல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது. சட்டம் கருவியைக் கட்டாயமாக்கியது. கருவியைப் பற்றிய அறிவை யாரும் கட்டாயமாக்கவில்லை.

வாசகர்கள் எங்களை உத்தமர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சீட் பெல்ட் அணியாவிட்டால் எழும் ஓசையை அடக்க, உறவினர் ஒருவர் அன்பளித்த போலிக் கொக்கியைச் சில வாரங்கள் நாங்களும் பயன்படுத்தினோம். காற்றுப்பைதான் இருக்கிறதே என்ற தைரியம். காற்றுப்பை சீட் பெல்ட்டுக்குத் துணை மட்டுமே, மாற்று அல்ல என்பதை அதே புத்தகம்தான் சொன்னது. பெல்ட் பிடித்து நிறுத்தாத உடல், கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் பையின் மீது மோதினால் அந்தப் பையே காயப்படுத்தக்கூடும். இத்தகைய கொக்கிகளை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது என்பதையும் பிறகே அறிந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கார் உற்பத்தியாகும் மாநிலம் இது. ஒரகடத்தில் கார்களைப் பூட்டும் கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அவர் உயிரோடு தொடர்புடைய பக்கங்களையாவது அவர் மொழியில் தர வேண்டாமா? கவிதையை மொழிபெயர்க்க இத்தனை பேர் இருக்கும் மொழியில், பிரேக்கைப் பற்றி நாலு பக்கம் எழுத ஆளில்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. வாங்குபவர்களாகிய நாமும் அந்தக் கால்மணி நேரத்தோடு திருப்தியடையாமல், பிரேக்கையும் பெல்ட்டையும் விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

அந்த நான்கு பக்கங்களை நாங்களே தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். ஞாயிறு காலை ஆளில்லாத மைதானமொன்றுக்கு வண்டியை எடுத்துப் போய், ஈர மண்ணில் மெதுவேகத்தில் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். மிதி அதிர்ந்தது. காலை எடுக்கவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சாவி இப்போது அவரிடம் இருக்கிறது.