தண்ணீருக்கு மூன்று இடத்தில் காசு!



பிளவக்கல் அணைப் பக்கத்தில் பிறந்தவள் நான். வாக்கப்பட்டது ஒரு நகராட்சியில். (ஊர்ப் பெயர் வேண்டாமே!) போன வாரம் வரி ரசீதுகளைப் பரப்பி வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமியார், "அணைத் தண்ணியப் பாத்து வளந்தவ நீ. தண்ணிக்கா தாயி இம்புட்டு ரூவா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே சகோதரிகளுக்கும் எழுதுகிறேன்.

பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அந்தத் தண்ணீர் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்க்கும் வயலுக்கும் போகிறது. ராஜபாளையத்துக் குழாயில் வருவது ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீர், இல்லையென்றால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் தாமிரபரணி. அவ்வளவு தூரம் பம்பு செய்து கொண்டுவர கரண்ட், குழாய், ஆள் என்று செலவு இருக்கத்தான் செய்யும். சும்மா கொடு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நாம் எத்தனை இடத்தில் கட்டுகிறோம் என்று பாருங்கள். சொத்து வரிக்குள்ளேயே குடிநீர், வடிகாலுக்கு என்று ஒரு பங்கு உண்டு. அது போக மாதக் குடிநீர்க் கட்டணம் தனி. பாதாளச் சாக்கடை வந்த ஊர்களில் டெபாசிட்டும் மாதக் கட்டணமும் தனி. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம். வரியை உயர்த்தினால்தான் மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டதைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த வரி ஏறியபோது அதற்குள் இருந்த தண்ணீர்ப் பங்கும் சேர்ந்துதானே ஏறியது? இதை ரசீதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் நானே கவனித்தேன்.

எனக்கு ஆத்திரம் வருவது சாக்கடைக் கணக்கில்தான். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும் என்று 1999 கையேட்டில் இருந்தது. பதினைந்து லிட்டர் குடத்தில் 135 லிட்டர் என்பது ஒன்பது குடம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு தினம் 36 குடம்! எங்கள் தெருவில் தண்ணீர் விடுவது நாலு நாளைக்கு ஒரு தடவை. குளித்த தண்ணீரைப் பிடித்து வாசல் கழுவுகிறவள் வீட்டிலிருந்து சாக்கடைக்குள் என்ன போய்விடும்? போதுமான தண்ணீர் ஓடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்த நாற்றத்தோடு அடுப்படியில் நிற்பதும் நாம்தான். கட்டணமோ பெரும்பாலும் வீட்டின் பரப்பளவைப் பார்த்துப் போடுகிறார்கள். எத்தனை குடம் வந்தது என்று யார் பார்க்கிறார்கள்?

என் மதினி வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்ச் போட்டு இட்லி விற்கிறாள். வீட்டு இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிவிட்டார்கள். அண்டா கழுவவும் மாவாட்டவும் எவ்வளவு செலவாகிவிடும்? பெரிய ஓட்டலுக்கும் அவளுக்கும் ஒரே பெயர், 'வணிகம்'. இட்லிக்கு ஒரு ரூபாய் கூட்டினாள். காலையில் மில்லுக்குப் போகிற பெண்கள் மூன்று வாங்கிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்களாம்.

வேறு ஊர்களில் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 2001-ல் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தது. நம் கணக்கில் 400 குடம். டில்லியில் 2015-ல் மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை என்றார்கள். ஆனால் மீட்டர் இருக்க வேண்டும், அளவு தாண்டினால் முழுவதற்கும் பில். எனக்கு அந்த மீட்டர் யோசனை பிடிக்கிறது. மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடும், கைக்குழந்தையோடு குடம் வைத்துக் காத்திருக்கிற வீடும் ஒரே தொகை கட்ட வேண்டியதில்லையே! என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நாலு நாளைக்கு ஒருக்கா விடுற தண்ணிக்கு முன்னால காத்துதான் வரும். மீட்டர் காத்துக்கும் ஓடுமே!" அவர் சொல்வதும் சரிதான். முதலில் தினமும் தண்ணீர், அதற்குப் பிறகு மீட்டர், அதற்குப் பிறகுதான் கட்டண உயர்வு என்ற வரிசையில் வந்தால் யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று வார்டுகளில் முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். வரவு செலவைக் கேட்க அது ஒரு இடம். அடுத்த கூட்டத்துக்கு நானும் மதினியும் போவதாக இருக்கிறோம். தண்ணீர் வந்த தேதிகளை காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வருகிறேன். இந்த மாதம் இதுவரை ஆறு வட்டம். "காலண்டரையே கையில கொண்டு போங்க" என்கிறார் மாமியார்.

– பிளவக்கல் பக்கத்து வாசகி