குறட்டைக்குச் சாட்சி யார்?

குறட்டை என்று போனால் டாக்டர் முதலில் விசாரிப்பது பக்கத்தில் படுப்பவரைத்தான். விசைத்தறி ஊரான எங்கள் ஜலகண்டாபுரத்தில் அந்தச் சாட்சி கிடைப்பது அரிது. கணவர் நைட் ஷிப்டில் தறி ஓட்டிவிட்டு வந்து பகலில் படுக்கிறார். அந்நேரம் மனைவி பட்டறையில் நிற்கிறார். ஒரே நேரத்தில் படுத்தாலும் பயனில்லை. "எனக்கு எங்கீங்க கேக்குது, தறிச் சத்தத்துலயே காது மந்தமாயிருச்சு" என்றார் எங்கள் தெரு அக்கா ஒருவர். அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர்.

செல்போன் செயலியில் டெசிபல் பார்க்கலாமே என்கிறார்கள். சத்தம் தூரத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். போனைத் தலையணையோரம் வைத்தால் ஒரு கணக்கு, ஜன்னலில் வைத்தால் வேறு கணக்கு. மின்விசிறியும் பக்கத்துத் தறியும் அதில் சேர்ந்துகொள்ளும். எத்தனை டெசிபலுக்கு மேல் குறட்டை என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோலும் கிடையாது. 1993-இல் சுவீடனில் ஒருவருடைய குறட்டை 93 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது. ஏறக்குறைய நம் விசைத்தறிப் பட்டறையின் இரைச்சல் அது. ஆனாலும், சத்தத்தை வைத்து ஆபத்தை எடை போட முடியாது.

ஆபத்து குறட்டை திடீரென்று நிற்கும் இடத்தில் இருக்கிறது. தூக்கப் பரிசோதனையில் மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டுகிறார்கள். மூச்சு அலையாக ஏறி இறங்கும். குறட்டை அதன் முகட்டில் பொடி நடுக்கமாகத் தெரியும். பிறகு அலை படுத்துவிடும். நெஞ்சுப் பட்டை மட்டும் திமிறிக்கொண்டிருந்தால் தொண்டை அடைத்திருக்கிறது என்று பொருள். சற்றுப் பொறுத்து ஆக்சிஜன் இறங்கும். இப்படி மூச்சு நிற்பது குறைந்தது 10 விநாடி நீடித்தால் அதை ஒரு தடவையாக எண்ணுவார்கள். மூச்சு பாதியாய்க் குறைந்து தடுமாறும் நேரங்களும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 15-ஐத் தொட்டால் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமை. இதற்கு யார் காதும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறு கருவியும் வந்துவிட்டது.

தூக்கத்தில் இப்படி மூச்சு நிற்பது மருந்தில்லாத வியாதியும் அல்ல. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் முகமூடிச் சிகிச்சையை 1981-இலேயே சிட்னியில் காலின் சல்லிவன் செய்து காட்டிவிட்டார்.

எனக்குப் பெரிய கவலை சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்களைப் பற்றித்தான். இரவெல்லாம் ஓட்டுகிறவர்கள், வண்டிக்குள் தனியாகப் படுக்கிறவர்கள். அவர்கள் மூச்சு நிற்பதை யார் பார்ப்பது? டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகலில் கண் சொருகுகிறதா, குறட்டை உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் அங்கேயே கேளுங்கள். 'ஆமாம்' என்பவரை ஓர் இரவு தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.