தெருவில் வாழும் சிறாரும் நோயும்

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இருப்பது எத்துணைப் பெரும் பேறு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புதுடில்லிப் புகையிரத நிலையத்தை அண்டி வாழும் வீடற்ற சிறார் பலருக்கு அக்கை இல்லை. வெற்றுப் போத்தல்களையும் பழந்தாள்களையும் பொறுக்கி விற்று அன்றாடம் உண்ணும் அவர்கள் நோயை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

நோய் என்றதும் நமக்கு இருமலும் வலியும் நினைவுக்கு வரும். அவர்களுக்கோ எழுந்து நடக்க இயலாமையே நோய். ஒரு நாள் படுத்தால் அன்றைய உணவு இல்லை அன்றோ? வெறுங்காலுடன் குப்பையைக் கிளறுகையில் தகரம் கீறினால், கந்தையால் கட்டிவிட்டு வேலையைத் தொடர்வர். அப்புண்வழி ஏற்புவலி வரக்கூடும் என்பது நாளைய கவலை. பசியோ இன்றைய கவலை.

அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடலாமா? கூடாது. பசையையும், எழுத்துப் பிழை அழிக்கும் வெண்திரவத்தையும் துணியில் நனைத்து முகரும் சிறாருள் பலர், அது கேடு என்பதை அறிந்தே முகர்கின்றனர். அதன் ஆவி மூளையைக் கெடுக்கும். இதயத் துடிப்பைக் குலைத்துத் திடீர் மரணத்தையும் விளைவிக்கும். ஆயினும் பசியையும் குளிரையும் அச்சத்தையும் அது சிறிது நேரம் மறக்கச் செய்கின்றது. டில்லியின் மார்கழிக் குளிரில் போர்வையின்றிக் கிடக்கும் சிறுவனுக்கு அறிவுரை மட்டும் கூறி என்ன பயன்?

வைத்தியசாலையை அவர்கள் நாடாமைக்கும் காரணம் உண்டு. தந்தை யார், முகவரி யாது என்னும் வினாக்களுக்கு அவர்களிடம் விடை இல்லை. அழுக்குடையைக் கண்டு விரட்டுவரோ, பிடித்து விடுதியில் அடைப்பரோ என்று அஞ்சுகின்றனர். ஆதலால் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குவர். காசநோய்க்கோ பல மாதங்கள் தவறாது மருந்து உண்ணல் வேண்டும். இடம் மாறித் திரியும் பிள்ளைக்கு அதனை நாள்தோறும் நினைவூட்டுவார் யார்?

இவ்வுண்மையை உணர்ந்தோர், சிறார் வரட்டும் என்று காத்திராது, அவர்களைத் தேடிச் சென்றனர். மீரா நாயர் இயக்கி 1988 இல் வெளிவந்த 'சலாம் பாம்பே' திரைப்படத்தின் வருவாயைக் கொண்டு எழுந்த 'சலாம் பாலக்' அமைப்பு, டில்லிப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலேயே உணவும் வைத்தியமும் உறைவிடமும் அளித்தது. 1996 இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் கட்டணமற்ற தொலைபேசிச் சேவை பின்னர் இந்தியாவெங்கும் பரவிற்று. தெருவில் வாழும் சிறாரும் உரிமை உடையோரே என்பதை வலியுறுத்தி ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைக் குழு 2017 இல் தனி விளக்கவுரையே வெளியிட்டது.

பெற்றோரே, மாணவ மணிகளே! எவ்வூரிலாயினும் இத்தகைய பிள்ளையைக் காணின், "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கடியாதீர்கள். "சாப்பிட்டாயா? எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பவரை நம்பினால்தான் அப்பிள்ளை வைத்தியரிடம் வரும்.