சின்ன சிப்... எட்டு ஸ்விட்ச்... ஒரே வரியில் பாதுகாப்பு!

சிவகாசியில் தயாராகும் 30 ஷாட், 60 ஷாட் பெட்டிகளில் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குத் தீயைக் கொண்டுபோவது திரி. மைதானங்களில் நடக்கும் பெரிய வாணவேடிக்கைகளில் அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. எந்த வாணம் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வது மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டி சிப்.

மாணவர்கள் கையில் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டிலும் இப்படி ஒரு சிப்தான் இருக்கிறது. அதன் தற்காலிக நினைவகம் வெறும் 2,048 பைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதில் அடங்காது! அதனால்தான் பிட் கணக்கு தேவைப்படுகிறது.

ஒரு பைட் என்பது 8 பிட். எட்டு ஸ்விட்ச் உள்ள போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். எட்டு வாணங்களின் நிலையும் ஒரே பைட்டில் அடங்கிவிடும்.

வலமிருந்து 4-வது மட்டும் ஆன் ஆக வேண்டுமா? அதற்கான எண் 00001000, அதாவது 8. இதை அப்படியே எழுதினால் மற்ற ஏழும் ஆஃப் ஆகிவிடும். பழைய மதிப்போடு 'ஆர்' (|) செய்தால், மற்றவை இருந்தபடியே இருக்கும். ஆஃப் செய்ய, 8-ஐத் தலைகீழாக்கி (11110111) 'ஆண்ட்' (&) செய்ய வேண்டும்.

'எக்ஸார்' (^) என்று இன்னொன்று உண்டு. ஆன் என்றால் ஆஃப் ஆக்கும். ஆஃப் என்றால் ஆன் ஆக்கும். விளக்கைச் சிமிட்டவைக்க அருமையானது. ஆனால், வெடியை ஆஃப் செய்ய இதைப் பயன்படுத்தினால் ஆபத்து. ஏற்கெனவே ஆஃப் ஆகியிருந்தால், அந்தக் கட்டளையே அதைக் கொளுத்திவிடும்!

தவறுதலாக இரண்டு வாணங்கள் சேர்ந்து கிளம்பாமல் தடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. வெளியே அனுப்பப்போகும் எண்ணையும், அதில் 1 கழித்து வரும் எண்ணையும் 'ஆண்ட்' செய்யுங்கள். 8-க்கும் 7-க்கும் செய்தால் விடை 0. ஒன்றுக்கு மேல் ஆன் ஆகவில்லை என்று அர்த்தம். 12-க்கும் 11-க்கும் செய்தால் விடை 8. 0 வரவில்லை என்றால் ஒன்றுக்கு மேல் ஆன் ஆகிறது, அனுப்பக் கூடாது. எட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை.

பழகிப்பார்க்க எட்டு எல்.இ.டி. விளக்குகள் போதும், பட்டாசு வேண்டாம். நிஜ வாணவேடிக்கையில் புரோகிராமை மட்டும் நம்பவும் கூடாது. ஆட்கள் எல்லோரும் விலகும்வரை மின்சாரத்தைத் துண்டித்துவைக்கத் தனியாக ஒரு சாவி ஸ்விட்ச் அவசியம்.